உயிரோடிருப்பவன் பேரில் ஒரு கானா

கானா பாடகர் பச்சை பாடியதில் எது பிடிக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு சினிமாப் பாட்டைச் சொல்வார்கள். சினிமாவுக்கு வருவதற்கு முன்பு அவர் பாடிய ஒற்றைப் பாட்டு ஒன்று சிடியாக வந்திருந்தது என்பது போன ஆடி மாதம்வரை ஏறக்குறைய யாருக்கும் தெரியாது. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்த கேசட்காரர் அதைப் போட்டார். அட்டையில் மாலை போட்ட ஓர் இளைஞனின் படம். ‘செம்பரம்பாக்கம் வரதன் நினைவாக, கண்ணீர் அஞ்சலி. பாடியவர்: ஆவடி கானா பச்சையப்பன்.’ வேறு விவரம் இல்லை.

கருமாதிக்கு முந்தின ராத்திரி பந்தலில் பாடியதை மைக்செட்டுக்காரர் அப்படியே பிடித்துக் கொடுத்த ஒலிப்பதிவு அது. நடுவில் நாய் குரைக்கும். யாரோ இருமுவார்கள். ஒரு பெண்ணின் அழுகை பாட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். பச்சையின் குரல் அப்போது இன்னும் மெலிசு; டோலக்குக்கு அரை அடி பின்தங்கியே வரும். அந்தப் பின்தங்கல்தான் பிறகு சினிமாவில் அவருடைய முத்திரை ஆனது.

அந்தப் பாட்டில் ஒரு பிழை இருந்தது. செத்துப்போனவன் வரதன். பாட்டில் வருகிற பேர் கிருபாகரன். கிருபாகரன் வரதனின் தம்பி. பாட்டு நடந்தபோது அதே பந்தலில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான்.

*ஏரித் தண்ணி ஜில்லுன்னு படுத்துகினியா கிருபாகரா*
*கரை மேல உஞ்செருப்பு காத்துகினு கீதுடா*
*சோறு ஆறிப் போச்சுடா சொன்னாக் கேளு கிருபாகரா*
*ஏந்து வாடா கிருபாகரா, ஏந்து ஊட்டுக்கு வாடா*

பாடகன் குடித்திருந்தான், பேரை மாற்றிப் பாடிவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சிடி விற்கவில்லை. கேசட் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள்.

போன ஆடியில், பழைய பாட்டுகளைத் தேடி எடுத்துப் பேசுகிற ஒரு யூடியூப் சேனலில் ராகேஷ் என்பவர் அந்த சிடியைக் கையில் பிடித்துக்கொண்டு தோன்றினார். ‘பச்சை அண்ணனின் யாருக்கும் தெரியாத முதல் சிங்கிள்’ என்று தலைப்பு. பழைய சாமான் கடையில் கிடைத்ததாகச் சொல்லி, அந்த நாய் குரைப்பைக்கூட ரசித்துப் பேசினார். அடுத்த வாரத்தில் ‘ஏந்து வாடா கிருபாகரா’ என்ற அடி தனியாகக் கழன்றுகொண்டது. வகுப்பில் தூங்கும் மாணவன், ஞாயிற்றுக்கிழமை சோபாவில் குறட்டை விடும் புருஷன், முதல் பந்திலேயே அவுட்டான கிரிக்கெட்காரன், வெயிலில் படுத்திருக்கும் பூனை, எல்லாருக்கும் பின்னால் அந்த அடி ஓடியது.

பாட்டில் செத்திருந்த கிருபாகரன் சென்னீர்குப்பத்தில் குடியிருக்கிறான். செம்பரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். மனைவி கனிமொழி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. பள்ளிக்கூடம் போகிற மகள், எழில். கூடவே அம்மா பொன்னியம்மா.

முதலில் அவனும் சிரித்தான். கிடங்கில் கார்டு தேய்த்து உள்ளே நுழைந்ததும் யாராவது போனில் போட்டுவிடுவார்கள்.

“இன்னா மாமே, செத்தும் டூட்டிக்கு வந்துட்ட? ஓ.டி. குடுப்பானா?”

“ஆவிக்கு பி.எஃப். புடிப்பாங்களா கேளு மச்சான்.”

“டேய், பூஜை போட்டுட்டு வண்டில ஏறுடா. பேய் ஓட்டுற வண்டி.”

வீட்டுக்கு வந்து அதையெல்லாம் அவனே சொல்லிக் காட்டினான். பிறகு சொல்வது நின்றது. பிறகு சாப்பிடும்போது பேசுவது நின்றது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த எழில், “அப்பா செத்துப் போய்ட்டாரான்னு கேக்கறாங்கம்மா” என்று அவன் காதுபடச் சொன்ன அன்று அவன் எழுந்து வெளியே போனான். அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. போனை அலமாரியில் வைத்துவிட்டு, காலையில் கிளம்பி ஏரிக்கரைக்குப் போய் உட்கார ஆரம்பித்தான்.

ஏரியில் என்ன நடந்தது என்பது கனிமொழிக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அவனே சொல்லியிருந்தான். மழை முடிந்து ஏரி நிரம்பியிருந்த சமயம். அண்ணனும் தம்பியும் குளிக்கப் போனார்கள். முதலில் முழுகியது கிருபாகரன். வரதன் நீந்தி வந்து அவனைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டான். தள்ளியவன் மேலே வரவில்லை. இதைச் சொல்லி முடித்ததும் கிருபாகரன், “என்னாண்ட வேற எதுவும் இல்ல. இது ஒண்ணுதான் கீது. யோசிச்சிக்க” என்றான். யோசித்துத்தான் அவள் கட்டிக்கொண்டாள்.

போன வியாழக்கிழமை அவள் வேலையில் இருக்கும்போது கலியமூர்த்தி போன் செய்தார். ஏரிக்கரையில் மீன் விற்பவர். கிருபாகரனைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

“தங்கச்சி, பயப்படாத. உன் ஊட்டுக்காரரு செருப்பக் கழட்டிக் கரை மேல வெச்சிட்டு முட்டி வரிக்கும் தண்ணில நின்னுகினு இருந்தாரு. நான் போயி, இன்னா நைனா, எனக்கே மீன் கெடைக்கல நீ இன்னா புடிக்கிறன்னு பேச்சுக் குடுத்து இஸ்துகினு வந்துட்டேன். இன்னிக்கு வந்தாரு. தெனம் நான் இங்க இருப்பேன்னு சொல்ல முடியாது, பாத்துக்க.”

அதன் பிறகு கனிமொழிக்கு ஒரே நினைப்புதான். அந்தப் பாட்டை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் புருஷன் பிழைத்துக்கொள்வான் என்று நம்பினாள். கூட வேலை பார்க்கும் சபீனாவும் அவளும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ரீலாகப் புகார் பட்டனை அழுத்தினார்கள். அழுத்த அழுத்தப் புதிதாக வந்துகொண்டே இருந்தது. “கொசு அடிக்கிற மாரி கீது” என்றாள் சபீனா. சேனலின் எண்ணைத் தேடிப் பிடித்து ராகேஷிடமே கனிமொழி பேசினாள்.

“மேடம், அது பச்சை அண்ணனுக்கு நாங்க பண்ண மரியாதை. அதை எப்படி எடுக்கறது?”

“அது உசுரோட கீற ஆளு பேருங்க. என் ஊட்டுக்காரரு.”

ராகேஷின் குரலில் சுறுசுறுப்பு ஏறியது.

“நிஜமாவா மேடம்? அப்போ சாரை வெச்சு ஒரு இன்டர்வியூ எடுத்துடலாமா? ‘பாட்டில் இறந்தவர் பேசுகிறார்’னு. சார் எப்ப ஃப்ரீ?”

அவள் போனை வைத்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது பச்சை மட்டும்தான். சபீனாவின் தம்பி அவர் குழுவில் டோலக் வாசிக்கிறான். வெளியூர்க் கச்சேரி இல்லாத ஞாயிறுகளில் ஆவடியில் அம்மா வீட்டுக்கு அவர் வருவார், காலையிலேயே போனால் பார்க்கலாம் என்று அவன் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிருபாகரன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கனிமொழி கிளம்பினாள். “அப்பா எங்கனா கெளம்பினா எனக்கு போன் பண்ணு” என்று எழிலிடம் சொன்னாள். பொன்னியம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. அந்தப் பாட்டு திரும்ப வந்த நாளிலிருந்தே அவளும் அதிகம் பேசுவதில்லை. அக்கம்பக்கத்தில் அது கேட்டால் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

பச்சையின் அம்மா வீடு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், குறுகிய தெருவில் இருந்தது. தெருவை அடைத்துக்கொண்டு பெரிய கார் நின்றது. செல்ஃபி எடுக்கப் பத்துப் பேர். டோலக் தம்பி அவளைப் பின்பக்கமாகக் கூட்டிப் போனான். லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த பச்சை, “உக்காருக்கா. துன்னியா?” என்றார்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கிடங்கு, மகள், கழற்றி வைத்த செருப்பு. சொல்லச் சொல்ல அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“செம்பரம்பாக்கம் கிருபாகரன். மொட்ட அட்ச்சிகினு ஒக்காந்துகினு இருந்தாரே, அவுரா?”

“நெனப்பு கீதா உங்களுக்கு?”

“மறக்குமாக்கா? அன்னிக்கி நான் குட்ச்சிட்டுப் பாடனேன்னு இன்னிக்கி வரிக்கும் சொல்றானுங்க. எங்கம்மா மேல சத்தியமா ஒரு சொட்டு தொடல.” கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரில் நின்றார். “சாவு ஊட்ல பேர நாங்களா போட மாட்டோம்க்கா. பெத்தவ இருந்தா அவ வாயிலருந்து வாங்கித்தான் பாடணும். எங்க வாத்தியாரு கத்துக் குடுத்த மொத விஷயம் அதான். நான் அந்தம்மா பக்கத்துல குந்தினு, பேரச் சொல்லும்மா பாடறேன்னு கேட்டேன். கிருபாகரன்னு சொன்னாங்க.”

“அழுகையில மாத்திச் சொல்லியிருப்பாங்க.”

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன். பாடி முட்ச்சப்புறம் மைக்செட்டுக்காரு, யோவ், பேரு தப்புய்யான்னாரு. எனக்குக் கையி காலு ஒதறிப் போச்சு. அந்தம்மாகிட்டப் போயி, தப்பாயிடுச்சும்மா, திருப்பிப் பாடறேன்னேன். என் கையப் புட்ச்சிகினாங்க. வேணாம், இருக்கட்டும்னாங்க.”

அதுவரை நின்றுகொண்டிருந்த கனிமொழி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

“நான் அந்த சேனல்காரன எடுக்கச் சொல்றேன்க்கா. எடுப்பான். ஆனா ஊரே வெச்சிகினு கீது. அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?” என்றார் பச்சை. வாசலில் இருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. “அவுருகிட்ட இத சொல்லாதக்கா” என்றார்.

பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வரும்போது கனிமொழி அந்த ஒரு வாக்கியத்தையே நினைத்துக்கொண்டு வந்தாள். வேணாம், இருக்கட்டும். ஒரே கூரையின் கீழே இத்தனை வருஷம் அந்தக் கிழவிக்குச் சோறு போட்டிருக்கிறாள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறாள். திருவேற்காடு தாண்டும்போது எழில் போன் செய்தாள். அப்பா கிளம்பிப் போய்விட்டார், செருப்புப் போட்டுக்கொண்டுதான் போனார் என்றாள். கனிமொழி கலியமூர்த்திக்கு அடித்தாள். அவர் எடுக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது பொன்னியம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“உம்புள்ள சாவணும்னு நெனச்சியா நீ?”

கரண்டி நின்றது. கிழவி திரும்பிப் பார்க்கவில்லை.

“பாடனவன் சொல்லிட்டானா?” என்றாள்.

“எல்லாத்தையும் சொன்னான். பெரியவன் போனான், சின்னவன் நின்னான்னு உனுக்கு ஆத்தரம். அதான் அவரு பேரச் சொல்லி எழவு பாட வெச்ச.”

“வாய மூடு.”

“மூட மாட்டேன். அந்தாளு ஏரில நிக்கறாரு. எதுக்கு சொன்ன, சொல்லு.”

பொன்னியம்மா அடுப்பை அணைத்தாள். எழிலைப் பார்த்து, “வெளிய போயி வெளாடு” என்றாள். குழந்தை போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி, யாரோ ஒட்டுக் கேட்பதுபோல வாசலைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள்.

“வரதன சனிக்கெழமதான் எடுத்தாங்க. வெள்ளிக்கெழமயே ஒடம்பக் குடுத்துடுவாங்கன்னாங்க ஆஸ்பத்திரில. குடுக்கல. சனிக்கெழம எடுக்கற பொணத்துக்குப் பாடைல ஒரு கோழி கட்டி உடணும். தொணைக்கு. கட்டலன்னா ஊட்லருந்து இன்னொருத்தரக் கூட்டிகினு போவும். கோழி வாங்கியாங்கடா, கோழி வாங்கியாங்கடான்னு தெருவுல நின்னு கத்தனேன். ஆம்பளைங்க ஒருத்தன் நெலைல இல்ல. இருட்டிடும் இருட்டிடும்னு தூக்கினு போய்ட்டானுங்க.”

“அதுக்கு?”

“அன்னிலருந்து இவன் தூங்கல. அண்ணன் கூப்புட்றாம்மான்னு ஏந்து ஏந்து ஒக்காருவான். வாசப்படில நான் படுத்துகினு கெடந்தேன், தாண்டிப் போய்டப் போறான்னு. அப்பதான் பாட்டுக்காரப் பையன் வந்து பேரக் கேட்டான். இவன் பேரக் குடுத்துட்டேன். எழவுப் பாட்டுல பேரு வந்துட்டா அவனையும் கூட்டிகினு போயாச்சின்னு கணக்கு ஆயிடும்ல? பொறந்து பொறந்து செத்தா குப்பன்னு பேரு வெச்சி குப்பைல போட்டு எடுக்கறதில்ல? அது மாரி.”

கனிமொழி அவளையே பார்த்தாள்.

“இத ஏன் அவுருகிட்ட சொல்லல?”

“சொன்னா பலிக்காது. வாயத் தொறந்தா காப்பு உட்டுப் போயிடும். அதான் ஒருத்தருக்கும் சொல்லல. உங்கிட்ட சொன்னதே தப்பு. அவனுக்குத் தெரிஞ்சா போய்டுவான்டி.”

“தெரியலன்னாதான் போவாரு. ஏந்துரு.”

“நான் வர மாட்டேன்.”

“அத்த, ஏந்துரு. உங்கால்ல உழுவறேன்.”

அப்போது கலியமூர்த்தி போன் செய்தார். பின்னால் காற்று அடித்தது. “தங்கச்சி, எங்க கீற? கூப்புட்டா வர மாட்டேங்கறாரு. பக்கத்துல போனா, போங்கண்ணா, போங்கண்ணான்றாரு. எனக்கு நீச்சல் தெரியும், நான் இங்கியே நிக்கறேன். நீ சீக்கிரம் வா.”

பொன்னியம்மாவுக்குப் போனில் வந்தது கேட்டிருக்க வேண்டும். சுவரைப் பிடித்து அவளே எழுந்தாள்.

ஷேர் ஆட்டோவில் முழுச் சவாரி பேசிக்கொண்டு போனார்கள். நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர் பாட்டுப் போடக் கை நீட்டியபோது கனிமொழி, “அண்ணா, எதுவும் போடாத” என்றாள். அவள் போட்ட சத்தத்தில் அவன் வண்டியையே நிறுத்தப் பார்த்தான்.

கரையின் உள்பக்கச் சரிவில், கல் பாவிய இடத்தின் கடைசியில், தண்ணீர் தொடுகிற கல்லில் கிருபாகரன் உட்கார்ந்திருந்தான். இடுப்புவரை நனைந்திருந்தான். கொஞ்ச தூரத்தில் கலியமூர்த்தி, கூடையை மேலேயே போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். பொன்னியம்மா நின்றபடி இறங்க முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து கல் கல்லாக நகர்ந்தாள். கனிமொழி கையைப் பிடிக்கப் போனால் தட்டிவிட்டாள்.

“அம்மாவ எதுக்கு இட்டாந்த?” என்றான் கிருபாகரன், திரும்பாமல்.

“பாட்டப் பத்தி உங்கிட்ட சொல்லணுமாம்” என்றாள் கனிமொழி.

“எனக்குத் தெரியும். அன்னிக்கி நான் இதும் பக்கத்துலதான் ஒக்காந்துகினு இருந்தேன். அவன் பேரு கேட்டான். இது எம்பேரச் சொல்லுச்சு. திருப்பிப் பாடட்டுமான்னு கேட்டான். வேணாம்னுச்சு. எல்லாம் இந்தக் காதாலதான் கேட்டேன்.” அவன் குரலில் கோபம் இல்லை. “அது சொன்னதுல இன்னா தப்பு கீது? கரெக்டாத்தான் சொல்லுச்சு. போக வேண்டியது நான்தான். ஊரே பாடுது இப்ப.”

இத்தனை வருஷமும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அந்த அம்மாவின் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான்.

பொன்னியம்மா அவன் பின்னால் வந்து சேர்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது. சொல்வதா வேண்டாமா என்று தண்ணீரைப் பார்த்தாள். பிறகு அவன் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். சனிக்கிழமை, கோழி, வாசற்படி. வீட்டில் கோர்வையாகச் சொன்னவள் இங்கே முன்னும் பின்னுமாகச் சொன்னாள். கோழியைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“கத கட்டாதம்மா” என்றான் அவன். “இவ சொல்லிக் குடுத்தாளா?”

“கத இல்லடா.”

“எம்மேல உனுக்குக் கோவமே இல்ல?”

பொன்னியம்மா சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்று கனிமொழி தவித்தாள்.

“இருந்துச்சு” என்றாள் கிழவி. “பொய் சொல்ல மாட்டேன். உன் மூஞ்சியப் பாக்க முடியாது அப்ப. அவன் ஏன் போனான், நீ ஏன் வந்தன்னு இருந்துச்சு. அந்தக் கோவத்துலயும்தான் உம்பேரச் சொன்னேன். பயத்துலயும்தான் சொன்னேன். ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு வாயில. எது மின்னாடி வந்துச்சின்னு எனக்கே தெரியல. ஆனா வேணாம், இருக்கட்டும்னு சொன்னது பயத்துல. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்.”

அவன் முதல் முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தான்.

“இப்ப சொல்லித் தொலைச்சிட்டேன்” என்றாள். “இனிமே அந்தப் பாட்டு உன்னக் காப்பாத்தாது. உங்கிட்ட சொல்லவே கூடாதுடா அது. இவ சொல்ல வெச்சிட்டா. இனிமே நான்தான் புட்ச்சிகினு இருக்கணும். எங்கனா போ பாக்கலாம். என்னையும் இஸ்துகினு போ.”

கல்லில் பாசி. அவள் கால் வழுக்கி ஒரு கல் கீழே சறுக்கினாள். கிருபாகரன் சட்டென்று எழுந்து இரண்டு கையாலும் அவளைத் தாங்கினான். கலியமூர்த்தி ஓடி வந்தார். மூன்று பேருமாகத்தான் அவளை மேலே ஏற்ற முடிந்தது. மேலே வந்தும் அவள் சட்டையை விடவில்லை.

அவன் நம்பினானா என்பது கனிமொழிக்குத் தெரியவில்லை. ஷேர் ஆட்டோவில் எதிர்ச் சீட்டில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதில் படிக்க எதுவும் இல்லை. நாளைக்குக் கிடங்குக்குப் போவானா? போனால் அங்கே அந்தப் பாட்டைப் போட மாட்டார்களா? நாளை மறுநாள்? இன்றைக்கு வீட்டுக்கு வருகிறான், அவ்வளவுதான் தெரியும்.

சென்னீர்குப்பத்தில் ஆட்டோ நின்றது. முதலில் இறங்கிய கனிமொழி திரும்பிப் பார்த்தாள். உள்ளே இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

“சட்டைய உடும்மா, எறங்கணும்” என்றான் கிருபாகரன்.

“நீ மொதல்ல எறங்கு.”

“நீ உட்டாத்தான எறங்க முடியும்?”

“உட மாட்டேன்” என்றாள் பொன்னியம்மா.

டிரைவர் ஹாரனை ஒருமுறை அடித்தான். கிருபாகரன் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். பிரிக்க முடியவில்லை. பிறகு அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, கீழே இறங்கினான்.